நம்பர் இறக்க மாட்டேன்

அவளுக்கு முகங்கள் மறந்துபோகும், உடம்புகள் மறக்காது. பேருந்தில் யாராவது எதிரே வந்து, "என்னைத் தெரியலையா?" என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். அவர்கள் திரும்பி நாலடி நடந்ததும், "அடடா! இடது தோள் அரை இஞ்ச் இறக்கம்! பச்சைக் கோட்டு! போன வருஷம் கை நீளம் குறைச்சோமே!" என்று பின்னாலேயே ஓடுவாள். அதனால்தான் அவளுக்கு 'அளவு அக்கா' என்று பெயர் வந்தது. மாநகரத்தின் அந்தப் பெரிய நகை, உடைக் கடையில் காவலாளி முதல் மேனேஜர் வரை எல்லாருக்கும் அவள் அளவு அக்கா. கேலி பண்ண வேண்டுமென்று தோன்றும் நாட்களில் புருஷனுக்கும்.

கடையின் தரைத்தளத்தில் வைரம் விற்பார்கள். வாங்க வருபவர் முகத்தில் படாமல், கல்லின் மேல் மட்டும் விழும்படி விளக்குகளை வைத்திருப்பார்கள். முதல் மாடியில் கைப்பைகள். ஒவ்வொன்றும் தனித்தனிக் கண்ணாடிக் கூண்டில், அபூர்வப் பறவைபோல உட்கார்ந்திருக்கும். இரண்டாவது மாடியில் உடைகள். சுவருக்கு எட்டுதான் தொங்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவள் அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய சுவத்துல எட்டே எட்டுத் துணியா? எங்க வீட்டுக் கொடியில இதைவிட அதிகம் தொங்குதே!" என்று வாய்விட்டுச் சொல்லி, முதல் நாளே முதல் திட்டையும் வாங்கிக்கொண்டாள்.

இவற்றுக்கெல்லாம் கீழே, தரைக்கடியில் இருந்தது அவளுடைய அறை. மூன்று மெஷின்கள், நீராவி இஸ்திரி, ஆளுயரக் கண்ணாடி ஒன்று. ஜன்னல் கிடையாது. அலமாரி நிறைய நூல்கண்டுகள். கறுப்பிலேயே பதினோரு கறுப்பு. அந்தப் பதினொன்றையும் பிரித்துச் சொல்லக்கூடியவர்கள் கடையில் இரண்டே பேர். ஒருத்தி அவள். இன்னொருத்தி பக்கத்து மெஷினில் உட்கார்ந்து பொத்தான் துளை போடும் தோழி. காஜா போடுவதால் அவள் பெயரும் காஜா. அவள் நாக்குக்கும் ஊசிக்கும் கூர்மையில் பெரிய வித்தியாசமில்லை.

அந்த அறையில் ஒரு ரகசியம் உண்டு. பழைய பிஸ்கட் டப்பா ஒன்றுக்குள் அது கிடந்தது.

வெளிநாட்டிலிருந்து வரும் உடைகளின் கழுத்துக்குள் அளவு நம்பர் போட்ட சின்ன லேபிள் இருக்கும். ஒரு சீமாட்டிக்கு நாற்பத்திரண்டு பொருந்தும். ஆனால் நாற்பத்திரண்டு என்று கண்ணில் பட்டுவிட்டால் அவள் வாங்காமல் போய்விடுவாள். உடனே மேலேயிருந்து போன் வரும்: "அக்கா, நம்பர் இறக்கு!" டப்பாவிலிருந்து முப்பத்தெட்டோ நாற்பதோ எடுத்து, உண்மையான லேபிளின் மேலேயே வைத்து, நான்கு மூலையிலும் கண்ணுக்குத் தெரியாத தையல் போட்டு அனுப்புவாள் அளவு அக்கா. அடி லேபிளைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் பட்டில் ஊசித் துளை தெரியும். மேலே சீமாட்டி கண்ணாடி முன் நின்று, "பாருங்களேன், கல்யாணத்தப்ப இருந்த அதே அளவு!" என்று பூரிப்பாள். விற்பனைப் பெண்கள் "ஐயோ மேடம், நம்பவே முடியல!" என்பார்கள். அவர்கள் அன்றைக்குப் பேசிய ஒரே உண்மை அதுதான்.

"நாம தையக்காரிங்க இல்லக்கா. டாக்டருங்க. ஒரே நிமிஷத்துல ஆறு கிலோ குறைக்கிறோம்," என்பாள் காஜா.

சிரித்துச் சிரித்துத்தான் செய்தார்கள். பாவம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. யாருக்கும் வலிக்காத பொய் என்று நினைத்தார்கள்.

நம்பர் இறக்கப்பட்டவர்களிலேயே முக்கியமானவள் கப்பல் அம்மா. கணவருக்குச் சரக்குக் கப்பல்கள் ஓடியதால் அந்தப் பெயர். ஒன்பது வருஷம் முன்பு முதல்முறை வந்தபோது அவள் நாற்பது, இறக்கியது முப்பத்தெட்டு. பிறகு உடம்பு நாற்பத்திரண்டுக்கு ஏறியது, நாற்பத்திநாலுக்கு ஏறியது. நம்பர் மட்டும் அசையாமல் முப்பத்தெட்டிலேயே நின்றது. அவள் வீட்டு அலமாரிகளில் தொங்கிய அத்தனை உடைகளும் முப்பத்தெட்டு என்று சத்தியம் செய்தன.

கல்யாண வெள்ளிவிழா வந்தது. ஞாயிற்றுக்கிழமை விருந்து. அதற்கான கவுனைக் கப்பல் அம்மா கடை வழியாக வாங்கவில்லை; கடல் கடந்த கம்பெனிக்கே போன் போட்டாள். "நான் முப்பத்தெட்டு. ஒன்பது வருஷமா அதே அளவு. கண்ணை மூடிக்கிட்டு வெட்டுங்க." அவர்களும் சொன்ன நம்பருக்கு, ஒரு நூல் பிசகாமல் வெட்டி அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை பெட்டி வந்தது. வெள்ளி நிறப் பட்டு, பின்னால் மூன்று முழம் தரையில் புரளும் வால். கப்பல் அம்மா அதைப் போட்டுப் பார்த்தாள். முதுகில் ஜிப்பின் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்து நின்றன. நடுவில் ஒரு கையகலம்.

கம்பெனியிடம் கத்தினாள். 'நீங்கள் சொன்ன அளவுதான்' என்றார்கள். அடுத்த கத்தல் கடைக்கு வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை மேனேஜர் படியிறங்கி வந்தார். அவர் அந்த அறைக்கு வருவதே அபூர்வம். அவருக்கு முன்னால் வாசனை வந்தது, பிறகு அவர். கையில் டைப் அடித்த காகிதம்.

"அக்கா, இதுல ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

அவள் படித்தாள். 'ஒன்பது ஆண்டுகளாக மேற்படி வாடிக்கையாளரின் அளவை நான் தவறாக எடுத்து, தவறாகக் குறித்துவந்தேன். இது முழுக்க என் கவனக்குறைவு.'

காகிதத்தை மெஷின் மேல் வைத்தாள்.

"சார், நான் தப்பா எடுக்கலையே. அவங்க நாற்பத்திநாலு. நான் எழுதின சீட்டுல நாற்பத்திநாலுன்னுதான் இருக்கு."

"எனக்குத் தெரியாதா? ஆனா நம்பர் இறக்கறோம்னு அவங்ககிட்ட சொல்ல முடியுமா? ஒரு அம்மாகிட்ட சொன்னா ஊர்ல இருக்கற அத்தனை அம்மாவும் வீட்டுக்குப் போய் லேபிளைப் பிரிச்சுப் பார்ப்பாங்க. கடையை இழுத்து மூடிட்டு நாம எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"அதுக்கு நான் அளவு தெரியாதவள்னு எழுதிக் கொடுக்கணுமா?"

"ஒரு காகிதம்மா! நாளைக்கு அவங்க வருவாங்க. இதைக் கொடுத்துட்டு, 'மன்னிச்சிடுங்க'ன்னு சொல்லி, முடிஞ்சா ரெண்டு சொட்டு அழு. வேலை உனக்கு இருக்கும்."

"போடலைன்னா?"

மேனேஜர் கதவைப் பார்த்தார். அதுதான் பதில்.

அவர் போனதும் காஜா பொரிந்தாள். "ரெண்டு சொட்டாம்! அந்த ஆளு பூசியிருக்கற சென்ட்டை நம்ம கண்ணுகிட்ட கொண்டுவந்தாலே போதும், குடம் குடமா வரும். அக்கா, போட்டுடாத."

அவள் காதில் எதுவும் விழவில்லை. பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தி அவள் கண்முன் நின்றுகொண்டிருந்தாள்.

அந்தப் பெண் ஒரு சின்னத் தையல் கடையில் வேலை பார்த்தாள். ஒரு நாள் முதலாளியின் மனைவி, மணப்பெண்ணின் உடை மேல் இஸ்திரிப்பெட்டியை வைத்துவிட்டு யாரோடோ பேசப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது மார்பருகே பழுப்பாக ஒரு முக்கோணம். "நீ சின்னப் பொண்ணு, உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க," என்று சொல்லி, 'நான்தான் உடையைச் சுட்டேன்' என்று எழுதிய காகிதத்தை முதலாளி நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். அந்தக் காகிதம் அவளைவிட வேகமாக நடந்தது. போன கடையெல்லாம் அது முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தது. "ஓ, அந்தச் சுட்ட பொண்ணா?" இரண்டு வருஷம்! இரண்டு முழு வருஷம் ஒரு மருத்துவமனையின் பின்கட்டில் அழுக்குப் போர்வைகளை மூட்டை கட்டினாள். மெஷின் சத்தம் கேட்கும் தெருவில் நடக்க மனம் வராமல், சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். செய்யாத தப்புக்குப் போட்ட ஒரு கையெழுத்து ஒரு பெண்ணின் இரண்டு கைகளையும் எப்படிக் கட்டிப்போடும் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

அன்று மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்கே வீடு திரும்பினாள். புருஷன் நகரப் பேருந்து ஓட்டுநர். வேலை முடிந்து வந்து, கால்களை வெந்நீர் வாளிக்குள் விட்டு உட்கார்ந்திருந்தார். சொன்னாள். அவர் வாளிக்குள்ளேயே எழுந்து நின்றுவிட்டார்.

"இது என்ன அநியாயம்! பின்னாடி வந்து ஒருத்தன் என் பஸ்ஸை இடிச்சா, நான்தான் இடிச்சேன்னு எழுதிக் கொடுப்பேனா?"

"நீங்கதான் ரெண்டு தடவை எழுதிக் கொடுத்திருக்கீங்களே."

"அடியே, அது ரெண்டும் நிஜமாவே நான்தான்டி இடிச்சேன்!"

இத்தனை கவலையிலும் அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"என்ன சொன்னீங்க?"

"நான் இடிச்சேன், அதனால எழுதிக் கொடுத்தேன். இதுல என்ன?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "தண்ணி ஆறிடுச்சு, காலை எடுங்க," என்றாள். அன்று அவள் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

புதன்கிழமை. இரண்டாவது மாடி, உடை மாற்றும் அறை. மூன்று பக்கமும் கண்ணாடி. நடுவில் பட்டு நாற்காலியில் கப்பல் அம்மா. உள்சட்டைக்கு மேலே, இதே கடையில் முன்பு வாங்கிய நீலக் கோட்டு. மடியில் அந்த வெள்ளிக் கவுன், இறந்த பறவைபோல. அவள் காதில் தொங்கிய கல் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தைக் கரையேற்றும். ஆனால் அவள் கண் வீங்கியிருந்தது. இரண்டு நாளாக அழுதிருக்கிறாள் என்று அளவு அக்காவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"இவதானா?" என்றாள் கப்பல் அம்மா.

"இவங்கதான் மேடம். ரொம்ப வருத்தப்படறாங்க. எழுதியே கொண்டுவந்திருக்காங்க," என்று மேனேஜர் குழைந்து, அளவு அக்காவைப் பார்த்துக் கண்ணால் சாடை காட்டினார்.

ஒன்பது வருஷத்தில் அவளும் கப்பல் அம்மாவும் நேருக்கு நேர் பேசியதே இல்லை. குனிந்தபடி அளவெடுப்பாள், எண்ணை விற்பனைப் பெண்ணின் சீட்டில் எழுதுவாள், போய்விடுவாள். இன்று நிமிர்ந்து நின்றாள்.

"அம்மா, அந்தக் கோட்டைக் கொஞ்சம் கழட்டிக் கொடுங்க."

"எதுக்கு?"

"குடுங்கம்மா."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, கப்பல் அம்மா கழற்றிக் கொடுத்தாள். "என்னம்மா பண்றே நீ!" என்று மேனேஜர் பதறுவதற்குள், அளவு அக்கா தையல் பிரிக்கும் முள்ளை எடுத்து நாலே தட்டில் நாலு மூலையையும் பிரித்துவிட்டாள். முப்பத்தெட்டு உதிர்ந்தது. அடியில் நாற்பத்திநாலு, புத்தம் புதிதாக.

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

"என் டேப்பு தப்பலம்மா. நீங்க வந்த முதல் நாள் நாற்பது. இன்னிக்கு நாற்பத்திநாலு. ஒவ்வொரு தடவையும் சரியாத்தான் எடுத்தேன். சரியா எடுத்துட்டு, அதை மறைச்சு பொய் நம்பர் தைச்சேன். எனக்கு மேல சொன்னாங்க, தைச்சேன். ஆனா தைச்ச கை இதுதான்."

மூன்று கண்ணாடியிலும் மூன்று கப்பல் அம்மாக்கள் அந்தச் சின்ன லேபிளையே பார்த்தார்கள்.

"ஒன்பது வருஷம்..." என்றாள் அவள் மெதுவாக. "ஒன்பது வருஷமா கீழ உட்கார்ந்து என்னை நினைச்சு எல்லாரும் சிரிச்சீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எத்தனை சுலபம்!

"சிரிச்சிருக்கோம்மா. அது என் தப்பு. அதுக்கு நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

கப்பல் அம்மா கை ஓங்கினாள். ஓங்கிய கை அடிக்காமலே இறங்கியது. எழுந்தாள். கோட்டையும் எடுக்கவில்லை, கவுனையும் எடுக்கவில்லை. உள்சட்டையோடு, நேராக, லிஃப்ட்டை நோக்கி நடந்தாள். வெளியே காத்திருந்த அவள் டிரைவர் ஓடிவந்து இரண்டையும் அள்ளிக்கொண்டு போனார்.

"தொலைஞ்சது!" என்று மேனேஜர் தலையில் கை வைத்தார். "உனக்குப் பைத்தியமா? கடையைக் கொளுத்திட்டியே! இந்த நிமிஷமே கிளம்பு."

"கிளம்பறேன் சார். கையெழுத்துப் போடச் சொன்னீங்களே, போட்டுட்டுப் போறேன்."

பைக்குள்ளிருந்து தன் கையால் எழுதிய காகிதம் ஒன்றை எடுத்தாள். காலையில் பேருந்தில் உட்கார்ந்து எழுதியது, எழுத்து குலுங்கியிருந்தது. 'இந்தக் கடையில் பல வருஷமாக வாடிக்கையாளர் உடைகளில் பொய் நம்பர் லேபிள் தைத்தேன். கடை சொல்லிச் செய்தேன். அது என் தப்பு. அளவு ஒரு நாளும் தப்பாக எடுத்ததில்லை.' மேனேஜர் கண்ணெதிரே கீழே தன் பெயரை முழுதாக எழுதினாள். அதே வாசகத்தோடு இருந்த இன்னொரு பிரதியிலும் எழுதினாள். ஒன்றை மேஜை மேல் வைத்தாள்.

"செஞ்சதுக்குப் போடறேன் சார். செய்யாததுக்கு நான் செத்தாலும் போட மாட்டேன்."

கீழே போய்த் தன் கத்தரிக்கோலையும் டேப்பையும் எடுத்துக்கொண்டாள். காஜா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீ போயிட்டா கறுப்புல எது எந்தக் கறுப்புன்னு நான் யார்கிட்டக்கா சண்டை போடுவேன்?"

உண்மை பேசியவளுக்கு ஊர் மாலை போட்டதா? இல்லை. வியாழக்கிழமை மூன்று கடை ஏறி இறங்கினாள். பழைய வேலையிலிருந்து ஏன் நின்றாய் என்று கேட்ட மூன்று பேரிடமும் தன் காகிதத்தின் இன்னொரு பிரதியைக் காட்டினாள். முதலாமவர் படிக்காமலே திருப்பிக் கொடுத்தார். இரண்டாமவர் படித்துவிட்டு, "கை சுத்தம்மா. வாய் ரொம்பச் சுத்தம், அதான் பிரச்சினை," என்றார். மூன்றாவது கடையில் ஒரு பெண். "எங்க கடையிலயும் நம்பர் இறக்கத்தான் செய்வோம். செய்வியா?" என்று நேராகவே கேட்டாள்.

"மாட்டேன்."

"அப்ப போயிட்டு வா."

பத்தொன்பது வயதில் இதேபோல் கடை கடையாக ஏறி இறங்கியபோது தலை குனிந்திருந்தது. இன்று கால் வலித்தது, தலை குனியவில்லை. மெஷின் சத்தம் கேட்கும் தெரு வழியாகவே வீட்டுக்கு நடந்தாள்.

வெள்ளிக்கிழமை முற்பகல். வீடு இருந்த சந்துக்குள் நுழையவே முடியாத நீளத்தில் ஒரு கார் வந்து, நுழைய முடியாமல் முனையிலேயே நின்றது. டிரைவர் பெரிய பெட்டியைத் தலைமேல் தூக்கிவர, பின்னால் கப்பல் அம்மா. வார விடுப்பில் இருந்த புருஷன் பனியனோடு கதவைத் திறந்து, பார்த்து, கதவை மூடி, சட்டை போட்டுக்கொண்டு மறுபடியும் திறந்தார்.

கப்பல் அம்மா உட்காரவில்லை. ஜன்னலோரம் இருந்த பழைய மெஷினைப் பார்த்தாள்.

"நேத்து ரெண்டு தையல்காரங்ககிட்ட காட்டினேன். வாலை வெட்டிப் பக்கத்துல வைக்கணும், பட்டு நழுவும், கை வைக்கப் பயமா இருக்குன்னுட்டாங்க. உன்னால முடியுமா?"

"முடியும்மா."

"உன்மேல எனக்குக் கோபம் போகல. அதைத் தெரிஞ்சுக்கோ."

"போக வேண்டாம்மா. கோபத்தோடயே நில்லுங்க. அளவு எடுக்கறதுக்கு அது தடையில்ல."

கப்பல் அம்மாவின் உதடு கொஞ்சம் அசைந்தது. பிறகு தயங்கி, குரலைத் தாழ்த்திக்கொண்டு அவள் கேட்டதை அளவு அக்கா எதிர்பார்க்கவே இல்லை.

"தைச்சு முடிச்சதும்... அந்த முப்பத்தெட்டு... அது அப்படியே இருக்கட்டும். விருந்துக்கு என் தங்கச்சி வர்றா. அவ என் கழுத்துப் பட்டையைத் திருப்பிப் பார்ப்பா. சின்ன வயசுலேர்ந்து அவளுக்கு அந்தப் பழக்கம். இந்த ஒரு தடவை. எனக்காக."

இத்தனை கப்பலுக்கும் சொந்தக்காரி, தங்கைக்குப் பயந்து நடுங்கும் அக்காவாக நின்றாள். அளவு அக்காவின் நெஞ்சு உருகியது. ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால், ஒருவேளை ஊரில் பாதிப் பணக்கார வீடுகளின் துணி அவள் ஜன்னலுக்கு வரும். புருஷன் மூலையில் நின்றபடி கெஞ்சும் கண்ணோடு பார்த்தார்.

"நாற்பத்திநாலாக்கற துணியில முப்பத்தெட்டை விட்டு வைக்க மாட்டேம்மா. வேலையும் போச்சு, இனிமே எதுக்குப் பயப்படணும்? தையல் போடறேன். பொய் போட மாட்டேன்."

"நான் யாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்மா. நாற்பத்திநாலு. வலது தோள் கால் இஞ்ச் ஏற்றம். உங்களை உங்க வீட்டுக்காரருக்கு அப்புறம் நல்லாத் தெரிஞ்சவ நான்தான்."

ஒரு நிமிஷம் இடி விழும் என்று புருஷன் கண்ணை மூடிக்கொண்டார். இடி விழவில்லை. கப்பல் அம்மா கவுனைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். கழுத்தைத் திருப்பினாள். முப்பத்தெட்டைப் பார்த்தாள். பிறகு, வைரம் போட்ட விரல் நகத்தாலேயே அதைப் பிடித்து இழுத்தாள், வரவில்லை.

"பிரிச்சு எறி," என்றாள். "எந்த நம்பரும் வேண்டாம். அவ திருப்பிப் பார்க்கட்டும். ஒண்ணுமே இல்லைன்னு மண்டை காயட்டும்."

அளவு அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். கப்பல் அம்மாவும் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் நீர் கட்டியது. அளவு அக்கா புருஷனைத் தெருவுக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினாள். டேப்பை உதறி, முதுகு வழியாகச் சுற்றி முன்னால் கொண்டுவந்தாள். கப்பல் அம்மா கண்ணை இறுக மூடி, வயிற்றை எக்கிக்கொண்டு, மரப்பொம்மைபோல விறைத்து நின்றாள்.

"அம்மா, மூச்சை விடுங்க."

"விட்டா பெருசாயிடும்."

"ஆகட்டும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மூச்சை அடக்கிக்கிட்டா சிரிப்பீங்க? விடுங்க."

நீண்ட நேரம் பிடித்து வைத்திருந்த மூச்சு மெல்ல, மெல்ல வெளியே வந்தது. டேப்பு அவள் கைக்குள் நழுவி நீண்டு, தானாகவே ஓரிடத்தில் வந்து நின்றது. அளவு அக்கா குனியாமல், தணிக்காமல், சந்தில் நின்ற டிரைவருக்கும் கேட்கிற குரலில் அந்த எண்ணைச் சொன்னாள்.